நண்பகலில் உபரி, நள்ளிரவில் பற்றாக்குறை: மின்தொகுப்பு பேட்டரிகள் எப்படி இயங்குகின்றன? முழு விளக்கம்

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஒன்றில், நாட்டின் மின்சாரச் சந்தையில் உடனடி விநியோகத்துக்கான விலை ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்கியது. விற்பதற்கு மின்சாரம் இருந்தது, வாங்குவோர் இல்லை. சூரியன் மறைந்த பிறகு இதே சந்தையில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ள உச்சவரம்பான யூனிட்டுக்கு ரூ.10 என்ற விலையை மாலை நேர மின்சாரம் தொடும் நாள்கள் கோடைதோறும் வருகின்றன.

இந்திய மின்துறையின் இன்றைய சிக்கல் இந்த இரு விலைகளுக்கு இடையே உள்ளது. நாட்டில் மின் உற்பத்தித் திறன் குறைவாக இல்லை. சூரிய மின்சக்தித் திறன் மட்டும் 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், நிறுவப்பட்ட மொத்த மின் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற நிலையும் எட்டப்பட்டது. ஆனால், மின்சாரம் மிகுந்து கிடைக்கும் நேரமும் அது மிகுதியாகத் தேவைப்படும் நேரமும் ஒன்றாக இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே பெரிய அளவிலான பேட்டரி மின்சேமிப்பு நிலையங்களை மத்திய, மாநில அரசுகள் அடுத்தடுத்து அறிவித்து வருகின்றன. அவை எவ்வாறு செயல்படுகின்றன, எவ்வளவு செலவாகும், எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

ஒன்பது நிமிடங்கள் சொன்ன பாடம்

மின்தொகுப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். இச்சமநிலையின் அளவுகோல் அதிர்வெண். இந்தியாவில் அது நொடிக்கு 50 சுழற்சிகள், அதாவது 50 ஹெர்ட்ஸ். பயன்பாடு கூடி உற்பத்தி பின்தங்கினால் அதிர்வெண் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 2023-ஆம் ஆண்டின் இந்திய மின்தொகுப்பு விதிகளின்படி, 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே இது ஊசலாட வேண்டும். எல்லை பெரிதும் மீறப்பட்டால், இயந்திரங்களைக் காக்கும் பொருட்டு மின் நிலையங்கள் தாமாகவே தொகுப்பிலிருந்து விலகத் தொடங்கும். ஒன்று விலகினால் மற்றவற்றின் சுமை கூடும், அவையும் விலகும்.

இச்சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதை 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு நாடே நேரில் கண்டது. கரோனா பொதுமுடக்கத்தின்போது, இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். மின்தேவை சுமார் 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று மின்தொகுப்பை இயக்கும் அதிகாரிகள் கணித்திருந்தனர். உண்மையில் குறைந்தது சுமார் 31,000 மெகாவாட். விளக்குகள் மீண்டும் எரிந்தபோது அத்தேவை அதே வேகத்தில் திரும்பி வந்தது.

அன்றிரவு தொகுப்பைக் காத்தவை நீர்மின் நிலையங்கள். அவற்றின் உற்பத்தி சில நிமிடங்களில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் உயர்த்தப்பட்டது. அதிர்வெண் 49.7-க்கும் 50.26-க்கும் இடையே ஊசலாடியபோதிலும், தொகுப்பு சரியவில்லை. நிலக்கரி நிலையங்களால் இத்தகைய வேகத்தில் ஏறி இறங்க இயலாது. கொதிகலனும் சுழலியும் நிமிடத்துக்குத் தம் திறனில் ஓரிரு விழுக்காடு மட்டுமே மாற்றத்தைத் தாங்கும். முழுமையாக நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குவதற்குப் பல மணி நேரம் ஆகும்.

அந்த ஒன்பது நிமிடங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. அதிகாரிகளுக்கு ஒத்திகை பார்க்க அவகாசம் இருந்தது. சூரிய மின் உற்பத்தியோ நாள்தோறும் மாலையில் பல்லாயிரம் மெகாவாட் அளவில் சரிந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் பூஜ்யமாகிறது. அதே வேளையில்தான் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனங்களும் இயங்கத் தொடங்குகின்றன. பகலில் சூரிய மின்சாரத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்ற நிலக்கரி நிலையங்கள், மாலையில் ஒரே மூச்சில் மேலேற வேண்டியிருக்கிறது.

மெகாவாட் வேறு, மெகாவாட் மணி வேறு

பேட்டரி நிலையங்களைப் பற்றிய செய்திகளில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக, சத்தீஸ்கர் மாநிலம் ராஜ்நாந்த்கானில் 2024 பிப்ரவரியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த நிலையத்தின் பேட்டரி அளவு 40 மெகாவாட், 120 மெகாவாட் மணி. முதல் எண், ஒரு நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை வெளியே தள்ள இயலும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, மொத்தம் எவ்வளவு சேமிக்க இயலும் என்பதைக் காட்டுகிறது. மேல்நிலைத் தொட்டியின் குழாய் அளவும் கொள்ளளவும் வேறு வேறாக இருப்பதைப் போன்றதே இது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், முழுத் திறனில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தெரியும். ராஜ்நாந்த்கானுக்கு அது மூன்று மணி நேரம். ஒரு மெகாவாட் மணி என்பது நம் மின் கட்டண அட்டையில் காணும் 1,000 யூனிட்.

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் செய்தி அறைகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுவது வழக்கமான பிழை. 'மணி' என்ற ஒரு சொல் விடுபட்டால், ஒரு மணி நேரம் தாங்கும் நிலையமும் ஐந்து மணி நேரம் தாங்கும் நிலையமும் வாசகருக்கு ஒன்றாகவே தோன்றும். இந்தியாவில் பேட்டரி சேமிப்பு குறித்து நடைபெறும் விவாதத்தின் சாரமே அந்த மணிக் கணக்குதான் என்பதால், இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது?

சரக்குப் பெட்டகம் போன்ற வெள்ளைக் கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கும் திறந்தவெளி. பேட்டரி நிலையத்தின் தோற்றம் அவ்வளவே. புகைபோக்கி இல்லை, சுழலும் இயந்திரம் இல்லை. குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை செல்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், கொள்திறன் 314 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு யூனிட். அதாவது, தடித்த புத்தகம் ஒன்றின் அளவுள்ள ஒரு செல்லில் ஒரு யூனிட் மின்சாரம். இத்தகைய செல்கள் ஏறத்தாழ 5,000 சேர்ந்தால், 20 அடி நீளமுள்ள ஒரு கன்டெய்னரில் 5 மெகாவாட் மணி அடங்கும். மாதம் 200 யூனிட் பயன்படுத்தும் சுமார் 750 வீடுகளின் ஒரு நாள் தேவைக்கு அது போதும்.

செல்கள் தொடராக இணைக்கப்பட்டு, 1,500 வோல்ட் வரையிலான நேர்மின்சாரமாக வெளிவருகின்றன. இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்குகிறது. மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்தித் தொகுப்பில் சேர்க்கிறது. மின்சாரத்தைச் சேமிக்கும்போது இதே பாதை எதிர்த்திசையில் செயல்படும். ஒவ்வொரு செல்லின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் மென்பொருள், வரம்பு மீறும் பகுதியைத் துண்டித்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் செய்யும் வேலைதான் இது. ஆனால், அதிர்வெண் இறங்கும்போது ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முழுத் திறனுக்கு எழும் வேகம் இதன் தனிச்சிறப்பு. தொகுப்புக்குள் வேறெந்த மின் நிலையத்துக்கும் இந்த வேகம் இல்லை.

போட்ட மின்சாரம் முழுவதும் திரும்பி வருவதில்லை. இந்திய ஒப்பந்தப்புள்ளிகள் பொதுவாகக் கேட்பது குறைந்தபட்சம் 85 விழுக்காடு. 100 யூனிட் சேமித்தால் 85 யூனிட் திரும்பக் கிடைக்க வேண்டும். மீதம் வெப்பமாகவும் குளிரூட்டலுக்கும் செலவாகிறது. ராஜஸ்தான், குஜராத் பாலை நிலங்களில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடையில் இக்குளிரூட்டும் செலவு சிறியதன்று. செல்கள் ஆண்டுதோறும் கொள்திறனைச் சிறிது சிறிதாக இழப்பதும் இயல்பு.

இந்த வகை செல்லின் பின்னணியில் தமிழருக்கு ஒரு தொடர்பு உண்டு. பாஸ்பேட் போன்ற பல்லணு அயனிகளைக் கொண்ட மின்வாய்ப் பொருள்களுக்கான அடித்தள ஆய்வை 1980-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து மேற்கொண்டவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு குட்எனஃப் உள்ளிட்ட மூவருக்கு வழங்கப்பட்டபோது, முதுமையடைந்திருந்த குட்எனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை ஆற்றியவரும் அவரே.

தில்லியில் தொடங்கிய சோதனை

மின்தொகுப்பு அளவிலான பேட்டரி இந்தியாவுக்கு முற்றிலும் புதியதன்று. 2019 பிப்ரவரியில் தில்லியின் ரோகிணியில், டாடா பவர் தில்லி விநியோக நிறுவனத்தின் துணைமின் நிலையத்தில் 10 மெகாவாட், 10 மெகாவாட் மணி கொண்ட நிலையம் திறக்கப்பட்டது. அது ஒரு மணி நேரம் மட்டுமே தாங்கும் முன்னோட்டத் திட்டம்.

அடுத்த கட்டம் தெற்கு தில்லியின் கிலோகரியில் நிகழ்ந்தது. பிஎஸ்இஎஸ் ராஜதானி நிறுவனத்தின் துணைமின் நிலையத்தில் 20 மெகாவாட், 40 மெகாவாட் மணி கொண்ட பேட்டரி நிலையத்துக்கு தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் ஒப்புதல் அளித்தது. 2025-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. இண்டிகிரிட் நிறுவனம் அமைத்த இத்திட்டத்துக்குச் சலுகை வட்டிக் கடனும் கிடைத்தது.

தில்லியில் இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்நகரின் மின்தேவை வரைபடமே விடை. 2024 ஜூன் 19 அன்று தலைநகரின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் தில்லிக்கு நாளுக்கு இரண்டு உச்சங்கள் உண்டு: ஒன்று பிற்பகலில், மற்றொன்று நள்ளிரவை ஒட்டி. சுவரும் கூரையும் பகலெல்லாம் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் உமிழ, குளிர்சாதனங்கள் விடியும் வரை இயங்குகின்றன. பிற்பகல் உச்சத்துக்கு ராஜஸ்தானின் சூரிய மின்சாரம் துணை நிற்கிறது. நள்ளிரவு உச்சத்துக்கு அத்துணை இல்லை. இரவில் ஒரு பகுதியின் மின்மாற்றி தாங்கமுடியாமல் போனால், பாதிக்கப்படுவது அத்தெருவின் முதியவர்களும் குழந்தைகளும்தான். துணைமின் நிலையத்துக்குள்ளேயே பேட்டரி இருந்தால், தொலைவிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பியும் மின்மாற்றியும் அந்நேரத்தில் கூடுதல் சுமை ஏற்க வேண்டியதில்லை. அவற்றைப் பெரிதாக்கும் செலவையும் தள்ளிப்போடலாம். நகரத்தில் நிலம் கிடைக்காத சூழலில், ஏற்கெனவே உள்ள வளாகத்துக்குள் கன்டெய்னர்களை வைத்தது இத்திட்டத்தின் நடைமுறைச் சிறப்பு.

இருப்பினும் அளவை மறந்துவிடக் கூடாது. 8,656 மெகாவாட் தேவைக்கு 20 மெகாவாட் என்பது ஆயிரத்தில் இரண்டு பங்கைச் சற்றே தாண்டும். அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.

ராஜஸ்தான், குஜராத் போன்ற உற்பத்தி மாநிலங்களில் பேட்டரியின் பயன் வேறு. அங்கு சூரிய மின் பூங்காக்கள் எழுந்த வேகத்துக்கு உயரழுத்த மின்பாதைகள் எழவில்லை. நண்பகலில் பாதை நிரம்பிவிடுவதால், உற்பத்தியைக் குறைக்குமாறு மின் நிலையங்களுக்கு உத்தரவிடப்படும் நிலை 2025-இல் ராஜஸ்தானில் அடிக்கடி ஏற்பட்டது. பேட்டரி பூங்காவிலேயே இருந்தால், நண்பகல் உபரி அங்கேயே தங்கி, பாதை வெறுமையாக உள்ள இரவில் புறப்படும். சூரிய மின் ஒப்பந்தப்புள்ளிகளில், மின் திறனில் குறைந்தது 10 விழுக்காட்டுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பையும் அங்கேயே சேர்க்குமாறு மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியதன் காரணம் இதுவே. குஜராத்தின் காவ்டாவில் 1,126 மெகாவாட், 3,530 மெகாவாட் மணி கொண்ட நிலையத்தை அமைப்பதாக அதானி குழுமம் 2025 நவம்பரில் அறிவித்தது. ராஜ்நாந்த்கானைப் போல ஏறத்தாழ 30 மடங்கு அது.

விலை சரிந்த கதை

2022-ஆம் ஆண்டில் இந்திய சூரிய எரிசக்திக் கழகம் 500 மெகாவாட், 1,000 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, வென்ற விலை ஒரு மெகாவாட்டுக்கு மாதம் சுமார் ரூ.10.8 லட்சம். 2024 மார்ச்சில் குஜராத் மாநில நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது ரூ.4.49 லட்சமாகக் குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில், மத்திய அரசின் மானியத்துடன் ராஜஸ்தான் மாநில நிறுவனம் நடத்திய ஏலத்தில் சுமார் ரூ.2.2 லட்சமாகச் சரிந்தது. இரண்டே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு.

மாத வாடகை போன்ற இந்த எண்ணை யூனிட் கணக்கில் மாற்றிப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். இரண்டு மணி நேரம் தாங்கும் ஒரு மெகாவாட் பேட்டரியை நாளுக்கு ஒருமுறை நிரப்பிக் காலி செய்தால், 30 நாளில் 60,000 யூனிட். 2022 விலையில் சேமிப்புக் கட்டணம் மட்டும் யூனிட்டுக்கு ரூ.18. ராஜஸ்தான் விலையில் அது சுமார் ரூ.3.70. நண்பகலில் ரூ.2.50-க்கு வாங்கிய மின்சாரம், சேமிப்பில் ஏற்படும் 15 விழுக்காடு இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ ரூ.2.95 ஆகிறது. ஆக, மாலையில் பேட்டரி வழங்கும் ஒரு யூனிட்டின் அடக்கவிலை சுமார் ரூ.6.65. சந்தையில் ரூ.10 கொடுத்து வாங்குவதைவிட இது மலிவு. நாளுக்கு இருமுறை பயன்படுத்தினால் சேமிப்புக் கட்டணம் பாதியாகும். 2022-இல் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிய மாநில மின் விநியோக நிறுவனங்கள், இப்போது வரிசையில் நிற்பதற்கு இந்த எளிய கணக்கே காரணம்.

விலைச் சரிவின் வேர் சீனாவில் உள்ளது. 2022-இல் உச்சத்தைத் தொட்ட லித்தியம் விலை பின்னர் வேகமாகச் சரிந்தது. சீன ஆலைகளின் உற்பத்தித் திறன் உலகின் தேவையை மிஞ்சியது. புளூம்பெர்க் எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் லித்தியம் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலர். முந்தைய ஆண்டைவிட 20 விழுக்காடு குறைவு.

மத்திய அரசின் மானியமும் இதற்கேற்ப விரிந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, மூலதனச் செலவில் 40 விழுக்காடு வரை நிதியுதவி அளிக்கும் திட்டத்தை 4,000 மெகாவாட் மணிக்கு அனுமதித்தது. பேட்டரி விலை குறைந்ததால், அதே திட்டத்தின் இலக்கு பின்னர் 13,220 மெகாவாட் மணியாக உயர்த்தப்பட்டது. 2025 ஜூனில் மேலும் 30,000 மெகாவாட் மணிக்கு, மின்துறை மேம்பாட்டு நிதியிலிருந்து ரூ.5,400 கோடி அறிவிக்கப்பட்டது. இம்முறை ஒரு மெகாவாட் மணிக்கு ரூ.18 லட்சம்.

அறிவிப்பும் நிறைவேற்றமும்

மத்திய மின்சார ஆணையத்தின் தேசிய மின்சாரத் திட்டம், 2031-32-இல் நாட்டுக்கு 47,240 மெகாவாட், 2,36,220 மெகாவாட் மணி பேட்டரி சேமிப்பு தேவைப்படும் என்று மதிப்பிடுகிறது. இடைக்கட்டமாக, 2026-27-க்கான மதிப்பீடு 34,720 மெகாவாட் மணி. இவற்றுக்கு எதிரே, 2024 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் இயங்கிக்கொண்டிருந்த பேட்டரி சேமிப்பு சுமார் 219 மெகாவாட் மணி. அதில் பாதிக்கு மேல் ராஜ்நாந்த்கானில் மட்டும் இருந்தது. அதன் பிறகு வேகம் கூடியிருக்கிறது என்றாலும், ஏலத்தில் வென்றதாக அறிவிக்கப்படும் அளவுக்கும் தொகுப்பில் இணைந்த அளவுக்கும் இடையே பெரும் பள்ளம் உள்ளது.

பேட்டரி விலை மேலும் குறையும் என்ற எதிர்பார்ப்பில், சில நிறுவனங்கள் இன்றைய செலவுக்கும் கீழான விலையைக் கேட்டு ஏலத்தை வெல்கின்றன. எதிர்பார்ப்பு பொய்த்தால் திட்டம் நின்றுபோகும். அல்லது தரம் குறைந்த செல்கள் இடம்பெறும். முதலாவது நடந்தால், அந்த மின்சாரத்தை நம்பித் திட்டமிட்ட மாநிலம் கோடை மாலையில் மீண்டும் ரூ.10 சந்தையை நாட வேண்டும். இரண்டாவது நடந்தால், விளைவு ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே தெரியும். ஏலத்தில் வென்ற விலை தலைப்புச் செய்தியாகிறது. ஒப்பந்தப்படி நிலையம் இயங்கத் தொடங்கியதா என்ற செய்தி பெரும்பாலும் வருவதே இல்லை.

தேசியத் திட்டத்தின் இரு எண்களையும் வகுத்துப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். 2031-32-இன் தேவை, சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரிகள். இப்போது கோரப்படும் ஒப்பந்தப்புள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டு மணி நேரத்துக்கானவை. இரண்டு மணி நேரப் பேட்டரி, சூரியன் மறையும் வேளையின் செங்குத்தான ஏற்றத்தைச் சமாளிக்கும். நள்ளிரவு வரை நீளும் தேவைக்கு அது போதாது. 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை சுமார் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையில் பகல் தேவையை ஈடுசெய்வதைவிட இரவுத் தேவையை ஈடுசெய்வதே கடினமாக இருந்தது. முடங்கிக் கிடந்த எரிவாயு மின் நிலையங்களைச் சட்டத்தின் சிறப்புப் பிரிவின்கீழ் இயக்குமாறு மத்திய அரசு உத்தரவிட நேர்ந்தது.

நீண்ட நேரச் சேமிப்புக்கு நீரேற்று மின் நிலையங்கள் இன்றும் வலுவான வழி. உபரி மின்சாரத்தில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை அது. கோவை மாவட்டத்தின் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனுடன் 1980-களின் இறுதியிலிருந்து இதைச் செய்து வருகிறது. மேற்கு வங்கத்தின் புருலியா 900 மெகாவாட். ஆனால் அவற்றுக்கு மலையும் நீரும் வன அனுமதியும் வேண்டும். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பேட்டரி நிலையத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் நிறுவிவிடலாம்.

வெளிநாட்டு அனுபவம்

2016 செப்டம்பரில் புயலால் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. அதைத் தொடர்ந்து, 100 நாள்களில் பேட்டரி நிலையம் அமைத்துத் தராவிட்டால் பணம் வேண்டாம் என்று டெஸ்லாவின் எலான் மஸ்க் சமூக வலைதளத்தில் சவால் விட்டார். 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி கொண்ட ஹார்ன்ஸ்டேல் நிலையம் 2017 டிசம்பர் 1-இல் இயங்கத் தொடங்கியது. இரு வாரங்களுக்குள், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விக்டோரியா மாநிலத்தில் பெரிய நிலக்கரி அலகு ஒன்று திடீரென நின்றபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் அது மின்சாரம் செலுத்தியது. செலுத்திய அளவு 7 மெகாவாட் மட்டுமே. ஆனால், அந்த வேகத்தை உலகின் மின் பொறியாளர்கள் கவனித்தனர்.

கலிஃபோர்னியாவின் அனுபவம் இந்தியாவுக்கு நெருக்கமானது. 2019-இல் 770 மெகாவாட்டாக இருந்த அதன் பேட்டரித் திறன், 2024-இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி மாலையில் சிறிது நேரம், எரிவாயுவையும் நீர்மின்சாரத்தையும் முந்தி, அத்தொகுப்பின் தனிப்பெரும் மின் ஆதாரமாகப் பேட்டரிகள் இருந்தன.

தீ அபாயம்

அதே கலிஃபோர்னியாவில், மாஸ் லேண்டிங் என்ற ஊரில் 300 மெகாவாட் பேட்டரி நிலையம் 2025 ஜனவரி 16 அன்று தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பழைய அனல்மின் நிலையத்தின் சுழலிக் கூடத்துக்குள் பேட்டரி அடுக்குகளை நெருக்கமாக நிறுவியிருந்தனர். செல்கள் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை. ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடேறினால், உள்ளே நிகழும் வேதிவினையே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அது அடுத்த செல்லைத் தாக்கும். இத்தொடரை நீரூற்றி அணைப்பது கடினம். பெரும்பாலும், எரிந்து முடியும்வரை சுற்றுப்புறத்தைக் காப்பதே தீயணைப்புத் துறையின் வேலையாக இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் இதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். தனித்தனிக் கன்டெய்னர்களை இடைவெளி விட்டு நிறுத்துவதால் தீ பரவுவதும் தடைபடுகிறது. இந்தியாவின் புதிய நிலையங்கள் பெரும்பாலும் இவ்வகையே. எனினும், தீயே பற்றாது என்று கூறுவது தவறு. சூடேறிய செல்கள் எரியக்கூடிய வாயுக்களை வெளியிடும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், வெறும் 2 மெகாவாட் பேட்டரிக் கூடம் ஒன்றில் புகை கிளம்பி சில மணி நேரம் கழித்து, தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துப் பலர் படுகாயமடைந்தனர். கிலோகரி போல மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் பேட்டரிகள் பெருகும்போது, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு இதற்கான தனிப்பயிற்சி தேவை. ஒப்பந்த விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி இங்கு யாரும் பேசுவதில்லை.

சீனச் சார்பு

செல் உற்பத்தியில் சீனாவின் ஆதிக்கம், குறிப்பாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில், ஏறத்தாழ முழுமையானது. 2025 ஜூலையில் இவ்வகை மின்வாய்ப் பொருள் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சீனா சேர்த்தது. உள்நாட்டில் 50 ஜிகாவாட் மணி செல் உற்பத்தியை உருவாக்க ரூ.18,100 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2021 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை குறித்த காலத்துக்குள் ஆலைகளை முடிக்கவில்லை. 2023 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வு மையம் அறிவித்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. அது முதற்கட்ட மதிப்பீடு மட்டுமே. அச்சுரங்கத்துக்கான ஏலத்தில் போதிய போட்டியாளர்கள் முன்வரவில்லை.

நுகர்வோருக்கு என்ன மாற்றம்?

2023-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின் கட்டணம் நேரத்துக்கேற்ப மாற வேண்டும் என்கின்றன. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிட 10 முதல் 20 விழுக்காடு குறைவாகவும், உச்சநேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. வணிக, தொழிற்சாலை இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் தவிர்த்த பிற இணைப்புகளுக்கு 2025 ஏப்ரல் 1 எனத் தேதிகளும் குறிக்கப்பட்டன. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே இது வீடுகளுக்கு முழுமையாகப் பொருந்தும். நடைமுறைப்படுத்துவது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் கையில் உள்ளது.

பேட்டரி ஒப்பந்தங்களின் செலவும் இறுதியில் இதே கட்டணத்தில்தான் சேரும். மாநில ஆணையங்கள் ஆண்டுக் கட்டண மனுக்களை விசாரிக்கும்போது, எத்தனை மெகாவாட் மணி ஒப்பந்தமானது, எத்தனை உண்மையில் இயங்கியது, அதற்காகச் சந்தையில் எவ்வளவு வாங்காமல் மிச்சப்படுத்தப்பட்டது என்று கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. அவ்விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை.

பெரும்பாலான ஒப்பந்தங்களின் காலம் 12 அல்லது 15 ஆண்டுகள். அதன் முடிவில் செல்களின் கொள்திறன் தொடக்க அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்திருக்கும். பயன்பாடு முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அவற்றைத் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனங்கள் மீதே சுமத்துகின்றன.